கோல்டன் டான், குரோலி, விக்கா: எல்லாம் ஒரே கூட்டமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அலெய்ஸ்டர் குரோலி, கோல்டன் டான், விக்கா, சாத்தான் சபை, டேரோ கார்டு இவையெல்லாம் ஒரே ரகசியக் கூட்டத்தின் கிளைகளா? உண்மையிலேயே ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை உள்ளவையா? எல்லாமே இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போனதுதான் என்கிறார்களே, சரியா?"

ஒரே கூட்டம் இல்லை. ஆனால் பெரும்பாலோருக்குள் உறவு உண்டு, பங்காளிச் சண்டையும் உண்டு. பழமை என்று பார்த்தால் 140, 150 ஆண்டு தேறும். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொஞ்சம் போயிருக்கிறது. அதில் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெரிய மனிதர் ஒருவருக்கும் பங்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு யோசனை. நம் கோயில்களுக்குத் தலபுராணமும் இருக்கும், கல்வெட்டும் இருக்கும். இந்திரன் வந்து பூசித்த இடம் என்று தலபுராணம் சொல்லும். நந்தா விளக்கு எரிக்க இன்ன வியாபாரி 96 ஆடு கொடுத்தான் என்று கல்வெட்டு சொல்லும். மேற்கத்திய மறைஞானக் குழுக்களுக்கும் இந்த இரண்டும் உண்டு. யூடியூபில் சுற்றுவது முக்கால்வாசி தலபுராணம். யார் பணம் போட்டார், யார் எழுதினார், யார் வரைந்தார் என்று தேடிப் போனால்தான் நிஜ ஆட்கள் கண்ணில் படுவார்கள். அவர்கள் புராணத்தைவிட சுவாரசியமானவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

இல்லுமினாட்டியை இதில் சேர்க்க வேண்டாம். அது 1776இல் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கிய பகுத்தறிவுச் சங்கம். பத்து வருஷத்துக்குள் அரசாங்கம் தடைபோட்டு மூடிவிட்டது. மந்திரம், மாயம் என்றால் அவர்களுக்கே ஆகாது.

நவீன மறைஞானத்தின் கதையைப் பொதுவாக பாரிஸிலிருந்து தொடங்குவார்கள். அல்ஃபோன்ஸ் லூயி கான்ஸ்தான் என்பவர் கத்தோலிக்கப் பாதிரியாராகப் படித்து, பாதியில் விட்டு வெளியேறி, எலிஃபாஸ் லெவி என்று ஹீப்ரு ஒலியில் பெயர் வைத்துக்கொண்டார். 1850களில் அவர் எழுதிய நூலில்தான் குறி சொல்லப் பயன்படும் டேரோ சீட்டுக்கட்டின் 22 பெரிய சீட்டுகளும் ஹீப்ரு மொழியின் 22 எழுத்துகளும் முறையாக முடிச்சுப் போடப்பட்டன. ஆட்டுத்தலை, பெண்ணின் மார்பு, நெற்றியில் நட்சத்திரம், ஒரு கை மேலே ஒரு கை கீழே என்று ஒரு பாஃபோமெட் படம் பார்த்திருப்பீர்களே, அது அவர் கைப்பட வரைந்தது. இன்று எல்லோரும் சாத்தான் என்று பகிர்கிற அந்த உருவத்தை அவர் எதிரெதிர்ச் சக்திகளின் சமநிலைக்கு அடையாளமாகத்தான் வரைந்தார்.

ஆனால் அமைப்பு, கிளை, தலைமையகம், கண்ணுக்குத் தெரியாத குருமார் என்ற அச்சு வேறு இடத்திலிருந்து வந்தது. ஹெலினா பிளாவட்ஸ்கியும் கர்னல் ஆல்காட்டும் இன்னும் சிலரும் 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய தியாசபிகல் சொசைட்டி, நம் வழக்கில் பிரம்மஞான சபை, 1882 டிசம்பரில் சென்னை அடையாறுக்குக் குடிவந்தது. குட் ஹூமி, மோரியா என்ற மகாத்மாக்கள் திபெத்துப் பக்கம் இருந்துகொண்டு தன்னை வழிநடத்துவதாக பிளாவட்ஸ்கி சொன்னார். அவர்களுடைய கடிதங்களும் வந்தன. எப்படி வந்தன என்பதில்தான் வம்பு.

அடையாறு மாளிகை மாடியில் பிளாவட்ஸ்கியின் படுக்கையறையை ஒட்டி ஒரு தனி அறை. அதன் சுவரில் ஒரு மர அலமாரி. உள்ளே கேள்விக் கடிதத்தை வைத்துக் கதவைச் சாத்தினால் கொஞ்ச நேரத்தில் பதில் இருக்கும். 1883இல் ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர் அதைப் பார்க்க வந்தார். அங்கே வேலைபார்த்த எம்மா கூலோம் கதவைத் திறந்தபோது ஒரு பீங்கான் தட்டு கீழே விழுந்து நொறுங்கியது. துண்டுகளைத் துணியில் கட்டி உள்ளே வைத்து மூடினார்கள். சில நிமிஷம் கழித்துத் திறந்தால் கீறல்கூட இல்லாத முழுத் தட்டு! அடுத்த வருஷமே கூலோம் தம்பதிக்கும் சபைக்கும் சண்டை மூண்டது. பிளாவட்ஸ்கி தந்திரங்களுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி எழுதியதாக ஒரு கட்டு நிறையக் கடிதங்களை அவர்கள் மிஷனரிகளிடம் கொடுக்க, மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரிப் பத்திரிகை 1884 செப்டம்பரில் அவற்றை வெளியிட்டது. லண்டனிலிருந்து உளவியல் ஆய்வுக் கழகம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞரை விசாரிக்க அனுப்பியது. அவர் வந்து சேர்ந்தபோது அலமாரி இல்லை. சபைக்காரர்களே எரித்துவிட்டிருந்தார்கள். அதே மாதிரித் தட்டு மெட்ராஸ் கடையில் ஜோடியாக வாங்கப்பட்டிருந்ததை அவர் கண்டுபிடித்தார். 1885இல் வெளியான அறிக்கை, பிளாவட்ஸ்கியை வரலாற்றின் கைதேர்ந்த, சுவாரசியமான ஏமாற்றுக்காரர்களில் ஒருவர் என்று தீர்ப்புச் சொன்னது. நூறு வருஷம் கழித்து, 1986இல், அதே கழகத்தைச் சேர்ந்த வெர்னன் ஹாரிசன், ஹாட்ஜ்சன் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டார் என்று விரிவாக எழுதினார். எனவே அந்தக் கடிதங்களைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

நமக்கு இங்கே முக்கியம் அந்த அச்சு. தூரத்தில் ஒரு மறைவான குரு, அவரிடமிருந்து கடிதம், கடிதத்தால் வரும் அதிகாரம். மூன்று வருஷத்தில் லண்டனில் இன்னொரு கோஷ்டி இதையே எடுத்துக்கொண்டது.

ஹெர்மெடிக் ஆர்டர் ஆஃப் தி கோல்டன் டான், அதாவது பொன்விடியல் சங்கம், 1888இல் பிறந்தது. தொடங்கிய மூவரும் ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்து ஆட்கள். வில்லியம் வின் வெஸ்ட்காட் லண்டனில் மரண விசாரணை அதிகாரி. வில்லியம் உட்மன் ஓய்வுபெற்ற டாக்டர். மூன்றாமவர் சாமுவேல் லிடல் மெக்ரிகர் மாதர்ஸ். கையில் காசில்லாமல் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் உட்கார்ந்து பழைய மந்திரச் சுவடிகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர். ஸ்காட்லாந்து வம்சம் என்று சொல்லி 'மெக்ரிகர்' என்பதைத் தாமே பெயரில் சேர்த்துக்கொண்டார்.

தலபுராணம் இப்படிப் போகிறது. சங்கேத எழுத்தில் எழுதிய சுமார் அறுபது தாள்கள் வெஸ்ட்காட் கைக்கு வந்தன. அவற்றில் சடங்குகளின் குறிப்பும், ஜெர்மனியில் ஸ்ப்ரெங்கல் என்ற பெண்மணியின் முகவரியும் இருந்தன. எழுதிக் கேட்டதும் அந்த அம்மாள் இங்கிலாந்தில் கிளை தொடங்க அனுமதி கொடுத்தார். அப்புறம், வசதியாக, சீக்கிரமே காலமாகிவிட்டார்.

சங்கேதம் ஒன்றும் பெரிய பூட்டு இல்லை. 16ஆம் நூற்றாண்டில் டிரிதீமியஸ் என்ற துறவியின் புத்தகத்தில் அச்சான எழுத்துமுறைதான் அது. அடியில் இருந்த மொழி சாதாரண ஆங்கிலம். ஸ்ப்ரெங்கல் அம்மாளின் கடிதங்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, ஜெர்மன் தாய்மொழியாக உள்ள ஒருவர் செய்யாத தவறுகள், ஆங்கில வாடை வீசும் தொடர்கள் எல்லாம் அகப்பட்டன. அப்படி ஒரு அம்மாளே இருந்ததில்லை என்பதுதான் இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு.

சரி, அடித்தளம் பொய். அதன்மேல் கட்டியது? அங்கேதான் நான் மாதர்ஸுக்கு ஒரு வணக்கம் போடுவேன். கபாலா என்பது யூதர்களின் மறைஞான மரபு, அது வரையும் மரத்தில் பத்து நிலைகள், அவற்றை இணைக்கும் 22 பாதைகள். அந்த எலும்புக்கூட்டில் டேரோ, ஜோதிடம், எகிப்தியத் தெய்வங்கள், வாசனைகள், வண்ணங்கள், தேவதைகளின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கோத்தார். புதிதாகச் சேருபவருக்குக் கருப்பு அங்கி, இடுப்பில் மூன்று சுற்றுக் கயிறு, கண்ணில் கட்டு. நீர் தெளித்து, புகை காட்டி, கூடத்தைச் சுற்ற வைப்பார்கள். பிறகு படிப்படியாகப் பாடமும் பரீட்சையும். 1892இல் உள்வட்டம் ஒன்றும் வந்தது. அதன் தீட்சைக்கு எழுபட்டை அறை ஒன்றைக் கட்டி, எட்டடி உயரச் சுவர்களை மேலிருந்து கீழ்வரை குறியீடுகளால் நிரப்பியிருந்தார்கள். வரைந்ததில் பெரும்பங்கு மாதர்ஸின் மனைவி மொய்னாவுக்கு. ஓவியக் கல்லூரியில் படித்தவர், தத்துவஞானி ஆன்ரி பெர்க்சனின் தங்கை.

ஃப்ரீமேசன்கள் பெண்களைச் சேர்ப்பதில்லை. கோல்டன் டான் ஆரம்பத்திலிருந்தே சேர்த்தது, அதுவும் சரிசமமாக. சில ஆண்டுகளிலேயே முந்நூறு பேருக்கு மேல் தீட்சை பெற்றார்கள். கவிஞர் யேட்ஸ் 1890இல் சேர்ந்தார். நடிகை ஃபிளாரன்ஸ் ஃபார், அயர்லாந்துப் போராளி மாட் கான், பேய்க்கதை எழுத்தாளர் ஆர்தர் மேக்கன், ஆஸ்கர் வைல்டின் மனைவி கான்ஸ்டன்ஸ் எல்லோரும் வந்தார்கள். நாடகமும் கவிதையும் ஓவியமும் தெரிந்தவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து சடங்கு நடத்தினால் அது உப்புச்சப்பில்லாமல் இருக்குமா?

பணம் போட்டவர் ஆனி ஹார்னிமன், பெரிய தேயிலை வியாபாரக் குடும்பத்துப் பெண். மாதர்ஸ் தம்பதி 1892இல் பாரிஸுக்குக் குடிபோனபோது அங்கே அவர்களுக்குச் சோறு போட்டது அவருடைய தேயிலைக் காசுதான். 1896இல் கணக்கு வழக்கு பார்த்து அவர் பணத்தை நிறுத்தினார், மாதர்ஸ் அவரைச் சங்கத்திலிருந்தே நீக்கினார். நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். 1904இல் டப்ளினில் அபே தியேட்டருக்கு இடம் பிடித்துக் கொடுத்தது இதே ஹார்னிமன். நவீன ஐரிஷ் நாடகத்துக்கு வீடு கிடைத்தது.

1900 பிப்ரவரியில் மாதர்ஸே குட்டை உடைத்தார். ஸ்ப்ரெங்கல் கடிதங்களை வெஸ்ட்காட் போலியாகத் தயாரித்தார் என்று, லண்டன் பொறுப்பில் இருந்த ஃபிளாரன்ஸ் ஃபாருக்கு எழுதினார். சங்கத்துக்குப் பின்னால் இருப்பதாகச் சொல்லப்பட்ட ரகசியத் தலைவர்களோடு தொடர்பு உள்ளவன் நான் ஒருவன்தான் என்று காட்டுவதற்காக எழுதியது அது. லண்டன்காரர்களோ விசாரணைக் கமிட்டி போட்டார்கள். கோபம் கொண்ட மாதர்ஸ், எழுபட்டை அறையைக் கைப்பற்ற ஒரு தூதரை அனுப்பினார். 24 வயது அலெய்ஸ்டர் குரோலி. ஒன்றரை வருஷம் முன்புதான் சேர்ந்தவர். அவருடைய நடத்தை சரியில்லை என்று லண்டன் கிளை உள்வட்டத்தில் சேர்க்க மறுத்திருந்தது. ஞான சங்கம் சீர்திருத்தப் பள்ளி அல்ல என்பது யேட்ஸின் கட்சி. குரோலி பாரிஸ் போய் மாதர்ஸ் கையாலேயே அந்தத் தீட்சையை வாங்கி வந்துவிட்டார்.

ஏப்ரல் 17ஆம் தேதி ஹாமர்ஸ்மித் பகுதியில் 36, பிளைத் ரோடு இடத்துக்குள் புகுந்து குரோலி பூட்டை மாற்றினார். மற்றவர்கள் போலீசை வைத்து மீட்டார்கள். 19ஆம் தேதி மறுபடி வந்தார் பாருங்கள், அந்தக் கோலம்: ஸ்காட்லாந்து மலைநாட்டு உடை, முகத்தில் கருப்பு முகமூடி, தலையையும் தோளையும் போர்த்திய கட்டம்போட்ட துணி, மார்பில் பெரிய தங்க நிறச் சிலுவை, இடுப்பில் குத்துவாள். உள்ளே யேட்ஸும் இன்னொருவரும் காத்திருந்தார்கள். வீட்டுக்காரரும் கான்ஸ்டபிளும் சேர்ந்து வெளியே அனுப்பிவைத்தார்கள். லெஸ்டர் சதுக்கத்து மதுக்கடை ஒன்றிலிருந்து குரோலி கூலிக்கு அமர்த்திய தடியர் ஒருவர் நேரம் கழித்து வந்து, தன்னை யார் கூப்பிட்டது என்றுகூடச் சொல்லத் தெரியாமல் நின்றார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கப்போகும் கவிஞரும், உலகின் மிகக் கெட்ட மனிதன் என்று பத்திரிகைகள் திட்டப்போகும் ஆளும் ஒரு வாடகை இடத்தின் சாவிக்காக மோதிய சம்பவம் இது.

அதன்பின் சங்கம் துண்டு துண்டாகிவிட்டது. 1901இல் ஹோரோஸ் தம்பதி என்ற மோசடிக்காரர்கள் சங்கத்தின் சடங்கை வைத்து இளம்பெண்களை ஏமாற்றிய வழக்கில் பெயர் சந்தி சிரித்தது. அதிலும் கொடுமை, அந்த ஹோரோஸ் அம்மாளை அசல் ஸ்ப்ரெங்கல் என்று மாதர்ஸே கொஞ்சகாலம் நம்பியிருந்தார். உடைந்த கிளைகள் ஸ்டெல்லா மட்டுடினா, ஆல்ஃபா எட் ஒமேகா என்று வேறு பெயர்களில் ஓடின.

இந்த இடிபாட்டிலிருந்து வந்த ஒரு பொருள் உலகம் முழுக்கப் பரவியது. சங்கத்தில் இருந்த ஆர்தர் எட்வர்ட் வெய்ட், இன்னொரு உறுப்பினரான பமீலா கோல்மன் ஸ்மித்தைக்கொண்டு ஒரு டேரோ சீட்டுக்கட்டு வரையச் செய்தார். 1909 டிசம்பரில் ரைடர் கம்பெனி வெளியிட்டது. அதுவரை பெரும்பாலான கட்டுகளில் சிறு சீட்டுகள் வெறும் ஐந்து வாள், ஏழு கோப்பை என்று எண்ணிக்கையாகத்தான் இருக்கும். பமீலா 78 சீட்டுக்கும் ஒரு காட்சி வரைந்தார். மூன்று வாள் சீட்டு என்றால் மழையில் ஒரு சிவப்பு இதயம், அதில் மூன்று வாள் குத்தி நிற்கும். பாடம் படிக்காதவர்கூடப் பார்த்ததும் ஏதோ சொல்லிவிடலாம். இன்று மாலில் டேரோ பார்ப்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் இதுவோ இதன் நகலோதான். பெரிய வேலை, சொற்பக் காசு என்று பமீலா அப்போதே ஒரு கடிதத்தில் எழுதினார். 1951இல் கார்ன்வாலில் ஏழையாகச் செத்தார். கட்டுக்கு நிலைத்த பெயர் பதிப்பாளரும் வெய்ட்டும் சேர்ந்த 'ரைடர்-வெய்ட்'. அண்மையில்தான் 'ஸ்மித்' என்று மூன்றாவதாக ஒட்டுகிறார்கள். கார்டின் ஓரத்தில் சுருண்ட கொடிபோல் ஒரு கையெழுத்து இருக்கும், அது அவருடையது.

இப்போது இந்தியத் தொடர்பு. கோல்டன் டான் மாணவர்கள் மஞ்சள் சதுரம், வெள்ளிப் பிறை, சிவப்பு முக்கோணம், நீல வட்டம், கருநீல முட்டை வடிவம் வரைந்த அட்டைகளை உற்றுப் பார்த்துத் தியானம் செய்வார்கள். பிருத்வி, அப்பு, தேயு, வாயு, ஆகாயம். நம் பஞ்சபூதமேதான். ராம பிரசாத் என்ற வட இந்திய தியாசபிக்காரர் ஆங்கிலத்தில் எழுதியதிலிருந்து எடுத்தது. திருட்டு என்று சொல்லமாட்டேன், நூலாக வெளியிட்டு விற்றதைத்தான் வாங்கிப் படித்தார்கள்.

இன்னொரு தொடர்பு இதைவிட நெருக்கமானது. குரோலியின் முதல் மந்திர ஆசான் அதே சங்கத்து ஆலன் பென்னட். ஆஸ்துமா நோயாளி, லண்டன் குளிர் தாங்காமல் 1900இல் இலங்கைக்குப் போனார். கொழும்பில் பொன்னம்பலம் இராமநாதன் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை கிடைத்தது. ஆமாம், அந்த இராமநாதன்தான், ஆரம்பத்தில் சொன்ன பெரிய மனிதர். அப்போது சொலிசிட்டர் ஜெனரல், சைவ சித்தாந்தி, 'ஸ்ரீ பரானந்தா' என்ற பெயரில் மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்கு யோக நோக்கில் ஆங்கில உரை எழுதியவர். பென்னட் அவரிடம் யோகம் கற்றார். 1901இல் குரோலி வந்து சேர, இருவரும் கண்டியில் ஒரு பங்களா பிடித்து ஆசனம், பிராணாயாமம், தியானம் என்று உட்கார்ந்தார்கள். குரோலி பிற்பாடு யோகத்தைப் பற்றி எழுதிய தெளிவான பக்கங்களுக்கு ஊற்று அங்கேதான். பென்னட் பர்மா போய் ஆனந்த மெத்தெய்ய என்ற பெயரில் பௌத்த பிக்குவாகி, 1908இல் இங்கிலாந்துக்கு முதல் பௌத்தத் தூதுக்குழுவோடு திரும்பினார். குரோலி கிளம்பி மதுரைக்கு வந்தார். கோயிலின் ரகசியச் சன்னிதி ஒன்றில் பவானிக்கு ஆடு பலியிட்டதாகச் சுயசரிதையில் பெருமையடிக்கிறார். மதுரைக்காரர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஃபிளாரன்ஸ் ஃபார் கதை இன்னும் விசேஷம். பெர்னாட் ஷாவின் நாடகங்களில் நடித்தவர், யேட்ஸின் கவிதைகளைச் சிறு நரம்புக் கருவி மீட்டிப் பாடியவர், கோல்டன் டானின் லண்டன் தலைவி. லண்டனுக்கு வந்த இராமநாதனைச் சந்தித்துப் பழகினார். 1912இல் தன் வீட்டையும் பொருள்களையும் விட்டுவிட்டு யாழ்ப்பாணம் கிளம்பினார். 1913இல் திறந்த இராமநாதன் மகளிர் கல்லூரியின் முதல் அதிபர் அவர்தான். மந்திர வாளும் எகிப்தியச் சடங்கும் கையாண்டவர் மருதனார்மடத்தில் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்! மார்பகப் புற்றுநோயால் 1917இல் கொழும்பில் இறந்தார். யேட்ஸ் பழைய தோழர்களை நினைத்து எழுதிய கவிதை ஒன்றில் இவர் வருகிறார், அங்கே ஆன்மாவின் பயணத்தைச் சொல்லித்தரும் கற்றறிந்த இந்தியர் இராமநாதன்தான். நம் ஆட்கள் குரோலி வீடியோ போடுவதில் கால்வாசி அக்கறையை இந்த அம்மாளிடம் காட்டலாம்.

குரோலிக்கே வருவோம். 1875இல் பிறந்தவர். குடும்பம் கண்டிப்பான பிளிமத் பிரதரன் கிறித்தவம், சொத்து மதுவடிப்பில் வந்தது. அம்மாவே திட்டும்போது 'மிருகம்' என்று விவிலியத்து 666ஐச் சொல்லித் திட்டுவாராம். பையன் அதையே பட்டமாக வைத்துக்கொண்டார். 1904 ஏப்ரல் 8, 9, 10 தேதிகளில் கெய்ரோவில் தினம் நண்பகல் ஒரு மணிநேரம் அய்வாஸ் என்ற குரல் சொல்லச் சொல்ல எழுதியதாக ஒரு நூலை வெளியிட்டார். அதுதான் அவர் தொடங்கிய தெலீமா என்ற மதத்தின் வேதம். அங்கே மியூசியத்தில் மனைவி ரோஸ் காட்டிய பழைய கல்லறைப் பலகைக்கு இலக்கம் 666. "உன் சித்தம் எதுவோ அதைச் செய்" என்பது தெலீமாவின் மூலவாக்கியம். மனம்போன போக்கில் ஆடு என்பதல்ல, உன் பிறவியின் உண்மையான நோக்கத்தைக் கண்டுபிடித்து அதை மட்டும் செய் என்று விளக்கம் சொன்னார். அவர் வாழ்க்கையைப் பார்த்தால் முதல் அர்த்தம்தான் பெரும்பாலும் ஓடியது.

நல்ல மலையேறி. 1902இல் கே2 சிகரத்தை ஏற முயன்ற குழுவில் இருந்தார். 1905இல் கஞ்சன்ஜங்காவில் இவர் தலைமையில் போன குழுவில் பனிச்சரிவு ஏற்பட்டு, அலெக்சிஸ் பாஷே என்ற அதிகாரியும் மூன்று சுமைதூக்கிகளும் இறந்தார்கள். சத்தம் கேட்டும் குரோலி கூடாரத்தை விட்டு இறங்கவில்லை. இந்த மாதிரி விபத்துகளுக்கு எனக்கு அனுதாபம் வருவதில்லை என்று பத்திரிகைக்கு எழுதினார். அவருடைய சாத்தான் வேஷத்தைவிட இந்த ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. 1920இல் சிசிலியில் செஃபாலு ஊரில் ஒரு பண்ணைவீட்டை 'தெலீமா மடம்' ஆக்கினார். 1923இல் ராவுல் லவ்டே என்ற மாணவர் அங்கே நோயில் இறந்தார், லண்டன் பத்திரிகைகள் கிழித்தன, முசோலினி அரசு வெளியேற்றியது. 1934இல் ஒரு நூலாசிரியர் மேல் அவதூறு வழக்குப் போட்டு, தானே தோற்று, திவாலானார். 1947இல் ஹேஸ்டிங்ஸில் ஒரு விடுதியில், ஹெராயின் பழக்கத்தோடேயே, இறந்தார்.

ஓ.டி.ஓ. (ஆர்டோ டெம்ப்ளி ஓரியன்டிஸ்) என்ற ஜெர்மன் வழி மறைஞான அமைப்பின் பிரிட்டிஷ் தலைமை 1912இல் அவருக்கு வந்தது. அது இன்றும் நடக்கிறது. அவருடைய டேரோவை 1938 முதல் 1943 வரை வரைந்தவர் ஃப்ரீடா ஹாரிஸ், எம்.பி. ஒருவரின் மனைவி. ஒரே படத்தைச் சலிக்காமல் பலமுறை வரைந்திருக்கிறார், கூடவே குரோலிக்குச் செலவுக்கும் கொடுத்திருக்கிறார். கட்டு அச்சானது 1969இல். குரோலி போய்ச் சேர்ந்து 22 வருஷம். ஃப்ரீடா ஸ்ரீநகரில் குடியேறி 1962இலேயே இறந்துவிட்டார்.

ரகசியம் ரகசியமாக இல்லாமல் போனதற்குக் காரணம் இஸ்ரேல் ரிகார்டி. சில வருஷம் குரோலியின் செயலாளராக இருந்தவர், பிறகு ஸ்டெல்லா மட்டுடினாவில் சேர்ந்தார். அங்கே பெரியவர்களுக்கே பாடம் தெரியாமல் மங்கிப்போவதைப் பார்த்து, 1937க்கும் 1940க்கும் இடையில் சடங்குகளையெல்லாம் நான்கு தொகுதியாக அச்சிட்டுவிட்டார். பிரமாணத்தை மீறிய துரோகி என்று ஏசினார்கள். இன்று கோல்டன் டான் பெயரில் நடக்கிற குழுக்கள் பெரும்பாலும் அந்த நான்கு தொகுதியை வைத்துத்தான் பிழைக்கின்றன.

விக்காவுக்கு, அதாவது நவீன சூனிய மதத்துக்கு, வந்தால் இன்னொரு தலபுராணம். ஜெரால்டு கார்ட்னர் 16 வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர், பிறகு போர்னியோ, மலாயா. ஜோகூரில் சுங்க அதிகாரியாக இருந்தார், மலாய்க் குத்துவாள் பற்றி ஒரு நல்ல நூல் எழுதினார். ஓய்வுபெற்று இங்கிலாந்து வந்து, கற்காலம் முதல் மறைந்து வாழும் சூனியக்காரர் குழு ஒன்று 1939இல் தன்னைச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார். சூனியத் தடைச்சட்டம் 1951இல் நீக்கப்பட்டதும் வெளியே வந்து, 1954இல் நூல் எழுதினார். மார்கரெட் மரே என்ற எகிப்தியல் அறிஞர் முன்னுரை கொடுத்தார். கல்கத்தாவில் பிறந்த அந்த அம்மாளின், சூனியக்காரர்கள் பழைய மதத்தின் எச்சம் என்ற கொள்கைதான் கார்ட்னருக்கு ஆதாரம். அந்தக் கொள்கையை இன்று வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை.

கார்ட்னர் 1947இல் சாகப்போகும் குரோலியை ஹேஸ்டிங்ஸில் போய்ப் பார்த்து ஓ.டி.ஓ. உரிமைப் பத்திரம் ஒன்று வாங்கி வந்திருந்தார். 1953இல் சேர்ந்த டோரீன் வாலியன்ட், 'பழங்கால' மந்திரங்களில் குரோலியின் வரிகள் அப்படியே கிடப்பதைக் கண்டுபிடித்துக் கேட்டுவிட்டார். உன்னால் முடிந்தால் நீயே நன்றாக எழுது என்றாராம் கார்ட்னர். அவர் எழுதினார். விக்காக்காரர்கள் பௌர்ணமி தோறும் தேவியின் வாக்காகச் சொல்லும் உரைநடை வாலியன்ட் கை. ஆதிகாலத்து மதம் என்று நம்பி அதைச் சொல்கிறவர்களும் உண்டு. அது 1950களில் ஒரு நல்ல எழுத்தாளர் எழுதியது என்று தெரிந்தால் மதிப்புக் குறையுமா என்ன?

அமெரிக்காவில் ஜாக் பார்சன்ஸ். ராக்கெட் ஆராய்ச்சிக்குப் பேர்போன ஜேபிஎல் கூடத்தின் தொடக்க ஆட்களில் ஒருவர், தாரும் பெர்குளோரேட்டும் கலந்து அச்சில் வார்க்கும் திண்ம எரிபொருளை 1942இல் கண்டவர். கூடவே ஓ.டி.ஓ.வின் கலிபோர்னியா கிளைத் தலைவர். சோதனைக்கு முன் குரோலியின் கவிதை சொல்வாராம். 1946இல், பின்னாளில் சயன்டாலஜி தொடங்கிய எல். ரான் ஹப்பார்டோடு சேர்ந்து ஒரு தேவியை வரவழைக்கும் சடங்கு செய்தார். அப்புறம் படகு வியாபாரத்தில் போட்ட பணத்தை மீட்க அதே ஹப்பார்டு மேல் வழக்குப் போட்டார். 1952இல் வீட்டு ஆய்வுக்கூட வெடிவிபத்தில் 37 வயதில் இறந்தார். நிலவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர்.

சாத்தான் சபை இந்தக் குடும்பத்திலேயே இல்லை, பக்கத்து வீடு என்று சொல்லலாம். 1966 ஏப்ரல் 30 இரவு சான் பிரான்சிஸ்கோவில் தலையை மொட்டையடித்துக்கொண்டு ஆன்டன் லாவே தொடங்கியது. சாத்தான் என்று ஒருவன் இருப்பதாகவே அவர் நம்பவில்லை. சுயநலத்துக்கும் உடலின்பத்துக்கும் ஒரு சின்னமாக வைத்தார், மீதி முழுக்க ஷோ. பழமையான பரம்பரை என்று பெரிதாகக் கதைவிடாததில் அவர் தேவலை.

பரம்பரையே வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் 1978 வாக்கில் இங்கிலாந்தில் பீட்டர் கரோல், ரே ஷெர்வின் சுற்றி உருவான கேயாஸ் மந்திரக்காரர்கள். ஆஸ்டின் ஸ்பேர் என்ற லண்டன் ஓவியர், விருப்பத்தை ஒரு வாக்கியமாக எழுதி, எழுத்துகளைப் பின்னி ஒரு கோட்டுருவாக்கி, மனதில் இறக்கிவிட்டு மறந்துவிடும் முறையை வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டார்கள். நம்பிக்கை என்பது ஒரு கருவி, இன்று ஒன்று நாளை வேறொன்று, ரகசியத் தலைவரும் தேவையில்லை ஜெர்மன் அம்மாளும் தேவையில்லை என்றார்கள். பத்து வருஷம் ஆகவில்லை, அவர்களும் ஒரு சங்கம் அமைத்து அதற்கு நான்கிலிருந்து பூஜ்யம் வரை படிநிலை வைத்துவிட்டார்கள்.